இன்றிரவு உறைபனி கொட்டுமா? நுவரெலியாப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

தை, மாசி வந்தாலே மலையகத்தில் துகள் உறைபனி, அதாவது விடியற்காலையில் புல்லில் வெள்ளையாகப் படியும் உறைபனி, பற்றிய கேள்விகள்தான். இந்த முறை வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணே, அறிக்கையில் 4 பாகை என்றார்கள். விடியப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. எப்படி? (கந்தப்பளை)

தம்பி, அந்த 4 பாகை நெஞ்சு உயரத்தில், வானிலை நிலையத்தின் வெள்ளைப் பெட்டிக்குள் அளந்தது. புல்நுனி திறந்த வானத்துக்குக் கீழே இரவு முழுக்கச் சூட்டை இழக்கிறது. காற்று அசையாத இரவில் தரை அந்தப் பெட்டியைவிட மூன்று, நான்கு பாகை குறைந்துவிடும். நிழல் மரத்தடியில் போய்ப் பாருங்கள், புல் பச்சையாகவே இருக்கும். கிளைகள் வானத்தை மறைப்பதுதான் காரணம்.

மாலையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (நானுஓயா)

முடியும், பெரும்பாலும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, வானம் வெளுத்து, காற்றும் நின்றுவிட்டால் முதல் எச்சரிக்கை அதுதான். அப்புறம் பனிபடுநிலையைப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. கைப்பேசி வானிலைச் செயலிகள் பலவற்றில் இருக்கிறது. மாலை 6 மணிக்கு அது 9, 10 பாகையில் நின்றால் பயம் குறைவு. குளிர் அந்த அளவுக்கு இறங்கியதும் பனித்துளி படியும், மூடுபனி கட்டும். ஈரம் நீராகும்போது வெளிவரும் சூடு குளிரைத் தடுத்துப் பிடிக்கும். பனிபடுநிலை 2 பாகைக்கும் கீழே போயிருந்தால் அந்தத் தடுப்பு கிடையாது, விடியும்வரை குளிர் இறங்கிக்கொண்டே போகும். நடுச்சாமத்தில் மேகம் வந்து மூடினால் கணக்கு மாறிவிடும். அதனால் படுக்கப் போகும் முன் ஒரு தடவை வானத்தைப் பாருங்கள்.

மேட்டு லயத்தில் ஒன்றுமில்லை, எங்கள் பள்ளத்துத் தோட்டத்தில் மட்டும் ஏன்? (அம்பேவெல)

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி இருந்தால் அங்கேயே கட்டிக் கிடக்கும். வேலியில் ஓர் இடைவெளி வெட்டிவிடுங்கள். செலவில்லாத வேலை, பலன் உண்டு.

விடியற்காலையில் தண்ணீர் தெளித்தால் கிழங்குச் செடி பிழைக்குமா அண்ணா?

தங்கச்சி, முதல்நாள் பகலிலேயே மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமண் பகல் சூட்டைச் சேர்த்து வைத்து இரவில் விடும், காய்ந்த பொலபொல மண்ணால் அது முடியாது. ஸ்பிரிங்க்ளர் போடுவதென்றால் உறைவதற்கு முன்பே தொடங்கி, பனி முழுதும் உருகும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் தெளிக்காததைவிட மோசம். அவ்வளவு தண்ணீர் இல்லாவிட்டால், மாலையில் சாக்கால் மூடி வெயில் ஏறியபின் எடுங்கள்.

தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது, உடனே வெட்டலாமா?

பொறுங்கள். கருகல் எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரியச் சில நாள் எடுக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறோம். வானத்திலிருந்து பனி விழுமா?

விழாது. நம் வானத்தில் உறைநிலை சுமார் 5,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். உறைபனி தரையிலேயே படிவது. சூரியன் வருமுன் குதிரைப் பந்தயத் திடல் பக்கம் போனால் பார்க்கலாம், வெயில் பட்டதும் போய்விடும்.

சொந்தமாக அளக்க என்ன வேண்டும்?

குறைந்தபட்ச வெப்பமானி ஒன்று போதும். புல்நுனி மட்டத்தில், திறந்த இடத்தில், படுக்கையாக வையுங்கள். காலையில் எண்ணைக் குறிக்கும்போது முதல்நாள் மாலைப் பனிபடுநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள்.