வெக்கையில் ஓடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எனக்கு வயது 43. செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். மூன்று மாதங்களாக மாலை 5 மணிக்குத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி வருகிறேன். மார்ச் மாத வெயில் தொடங்கியதிலிருந்து பாதித் தூரத்திலேயே தலை கிறுகிறுக்கிறது. உடன் ஓடும் நண்பரோ, பிளாஸ்டிக் சட்டை அணிந்து ஓடினால் வியர்த்துக் கொழுப்பு கரையும் என்று ஒன்றை வாங்கியும் கொடுத்துவிட்டார். அணியலாமா? காலையில் ஓடுவது நல்லதா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அந்தச் சட்டையை முதலில் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. தோலின் மேல் அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. தாடையிலிருந்து சொட்டிச் செம்மண்ணில் விழும் துளியால் உங்கள் உடலுக்குப் பயன் ஏதும் இல்லை. நம் நாட்டு ஈரக்காற்றில் வியர்வை உலர்வதே சிரமம் என்றிருக்க, காற்றுப் புகாத உறையையும் மாட்டிக்கொண்டால் உடற்சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறும். ஓடி முடித்தபின் எடை ஒரு கிலோ குறைந்திருந்தால், இழந்தது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், கொழுப்பு அன்று.

காலையே நல்லது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன்னே தங்கள் மர வரிசையான நிரைக்குப் போனதற்குக் காரணம், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதுதான். அந்த நேரம் ஓடுபவருக்கும் பொருந்தும். விடியலில் ஈரப்பதம் கூடுதலாக இருப்பதால் வியர்வை அப்போதும் சொட்டத்தான் செய்யும். ஆனால் தலைக்கு மேல் சூரியனும் காலடியில் பகலெல்லாம் காய்ந்த தரையும் இரா.

வேகத்தைக் குறையுங்கள். கூடுதல் வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் வரை ஆகும் என்பதால், அதுவரை நண்பரோடு முழு வாக்கியம் பேசியபடி ஓடக்கூடிய வேகமே போதும். வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்கள் 35 முதல் 37 பாகையைத் தொட்டால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அந்நாள்களில் நடந்தாலே போதும்.

தாகத்துக்கேற்பக் குடியுங்கள். வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து ஆபத்தாகலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்பிட்ட மோரோ, அசாம்போய் எனும் உப்பிட்ட உலர் பழம் போட்ட எலுமிச்சைச் சாறோ நல்லது (சீனியைக் குறைக்கச் சொல்லுங்கள், நம் கடைக்காரர்கள் தாராளமானவர்கள்).

கிறுகிறுப்பு தொடர்வதால், மீண்டும் ஓடுவதற்கு முன் கிளினிக்கில் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவராயின் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடன் ஓடுபவர் பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, சம்பந்தமின்றிப் பேசினால், அவருக்கு இன்னும் வியர்க்கிறதே என்று காத்திராதீர்கள். நிழலில் கிடத்தி, 999-ஐ அழைத்து, உடல் முழுதும் குளிர்நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியும்வரை வாயில் மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம்.