இரவில் வரும் இனிப்பு ஆசைக்கு மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: எடையைக் குறைப்பதற்காகப் புதிய டயட்டைத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. காலையில் ஒரு பழம், மதியம் வேகவைத்த காய்கறி, மாலையில் சூப் என்று நாளுக்குச் சுமார் 900 கலோரிக்குள் சாப்பிடுகிறேன். பகலில் சமாளித்துவிடுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் இனிப்பைத் தவிர வேறு நினைவே வருவதில்லை. எனக்கு மன உறுதி போதாது என்று சொல்லும் எடைக்குறைப்புப் பயிற்சியாளர், ஆசையை அடக்கும் மூலிகை மாத்திரையைத் தன்னிடமே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் மன உறுதியில் எந்தக் குறையும் இல்லை. குறை இருப்பது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட உணவுத் திட்டத்தில்தான். நாளுக்கு 900 கலோரி என்பது, வளர்ந்த ஒருவர் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் கடைப்பிடிக்கக்கூடிய அளவே அன்று.

உணவைத் திடீரெனக் குறைக்கும்போது, கொழுப்புத் திசுக்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சில நாட்களிலேயே இறங்கிவிடுகிறது. இரைப்பை சுரக்கும் கிரெலின் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து மூளைக்குச் சொல்லும் செய்தி ஒன்றுதான்: உணவைத் தேடு. விரைவாக ஆற்றல் தரும் இனிப்பும் கொழுப்பும் அப்போது மற்ற எல்லாவற்றையும் விடக் கவர்ச்சியாகத் தோன்றுகின்றன. 1944-45ஆம் ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் தலைமையில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம், நாளுக்கு 1,600 கலோரிக்கும் சற்றுக் குறைவாகவே உணவு கொடுக்கப்பட்டது. பேச்சிலும் கனவிலும் அவர்களுக்கு உணவே நிறைந்திருந்தது. அதுவரை சமையலில் அக்கறை இல்லாதவர்கள்கூடச் சமையல் குறிப்புகளைத் தேடி வாசித்தார்கள். அவர்கள் சாப்பிட்டதைவிட மிகக் குறைவாகச் சாப்பிடும் உங்களுக்கு இரவில் இனிப்பு நினைவு வருவதில் வியப்பில்லை.

ஆகவே இரவில் போராடுவதை விட்டுவிட்டுப் பகல் உணவைச் சரிசெய்யுங்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் புரதம் அநேகமாக இல்லவே இல்லை. காலையிலும் மதியத்திலும் முட்டை, பயறு, தயிர், மீன் போன்றவற்றில் உங்களுக்கு ஒத்துவரும் ஒன்றை வயிறு நிறைந்த உணர்வு வரும் அளவுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனுடன் முழுத்தானியமும் காய்கறியும் இருந்தால், நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்கிப் பசியைத் தள்ளிப்போடும். மாலை சூப்பை இரவு உணவாகக் கருதாதீர்கள். இனிப்பை முழுவதுமாக விலக்கவும் வேண்டாம். முற்றிலும் விலக்கிய பொருளின் மீதுதான் பலருக்கும் ஏக்கம் கூடுகிறது. விரும்பும் இனிப்பில் சிறிதளவை எடுத்து, முழு உணவு சாப்பிட்டு முடித்த உடனே, உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். இத்தனைக்கும் பிறகு ஆசை எழுந்தால் இருபது நிமிடம் வேறு வேலையில் ஈடுபட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அது தானாகத் தணியும். தணியாவிட்டால் அது பசிதான், சாப்பிடுங்கள். உறக்கம் குறைந்தாலும் மறுநாள் பசி கூடும் என்பதால் இரவு வெகுநேரம் விழித்திருப்பதைத் தவிருங்கள்.

இனி அந்த மாத்திரை. உணவுத் திட்டத்தை எழுதிக் கொடுப்பவரே மாத்திரையையும் விற்கிறார் என்றால், அந்தத் திட்டம் தோற்பதில்தான் அவருக்கு வருமானம் இருக்கிறது. முதலில் பட்டினி போடுவார்கள். உடலில் சேமித்த சர்க்கரையும் அதனோடு தங்கியிருந்த நீரும் வெளியேறி முதல் வாரத்திலேயே எடை குறையும்போது, அதைத் தங்கள் வெற்றியாகக் காட்டுவார்கள். பிறகு பசி வரும்போது உங்களைக் குற்றவாளியாக்கிப் புட்டியை நீட்டுவார்கள். மூலிகை என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். சிபுட்ரமின் என்ற பசி அடக்கும் மருந்து, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுவதால் 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் பிறகும், இயற்கையானவை என்று லேபிள் ஒட்டி விற்கப்பட்ட எடைக்குறைப்பு மாத்திரைகளில் அதே மருந்து மறைத்துச் சேர்க்கப்பட்டிருப்பதைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. உடலைச் சுத்திகரிப்பதாகச் சொல்லப்படும் தேநீர்கள் பலவற்றில் வேலை செய்வது பேதி மருந்துதான். மருந்து என்றால் விற்பனைக்கு முன் ஆயிரம் சான்றுகளைக் கேட்கும் சட்டம், அதே தூளை ஊட்டச்சத்துப் பொருள் என்று பெயர் மாற்றினால் கண்ணை மூடிக்கொள்கிறது. சில வாரப் பயிற்சி முடித்தவர் தன்னை ஊட்டச்சத்து ஆலோசகர் என்று அழைத்துக்கொள்வதற்கும் பல நாடுகளில் தடையில்லை. முறையாகப் படித்த உணவியல் நிபுணரைப் பார்க்க மக்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் வரை, இந்த வியாபாரம் செழிக்கத்தான் செய்யும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எந்த மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதவில்லை. நீரிழிவுக்காக இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், மேலே சொன்ன இருபது நிமிடக் காத்திருப்பு உங்களுக்குப் பொருந்தாது. உணவைக் குறைத்து மருந்தின் அளவைக் குறைக்காமல் விட்டால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். அப்போது எழும் இனிப்புத் தேவை வெறும் ஆசையன்று, உடலின் அபாய அறிவிப்பு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், குழப்பம் ஆகியவை பசியோடு சேர்ந்து வந்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே (70 mg/dL) இருந்தால், அல்லது சோதிக்கும் கருவி கையில் இல்லாவிட்டால், தாமதிக்காமல் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறாவிட்டால் அதையே திரும்பச் செய்யுங்கள். நினைவு தடுமாறும் ஒருவருக்கு மற்றவர்கள் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவசர உதவியை அழைக்க வேண்டும். இந்த மருந்துகளில் எதை எடுத்துக்கொண்டாலும், மருத்துவரிடம் பேசி அளவை மாற்றாமல் உணவைக் குறைக்கவே கூடாது.

அப்படி எந்த மருந்தும் இல்லையென்றால், பகல் உணவை நாளை முதலே மாற்றிவிட்டு இரண்டு வாரம் கவனியுங்கள். இரவு ஏக்கம் குறைந்து, எடையும் முன்பைவிட மெதுவாகவே குறையும். அந்த வேகமே சரியானது. அதற்குப் பிறகும் கட்டுப்பாடு இழந்து அளவுக்கு மீறிச் சாப்பிடுவதோ, சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றத் தோன்றுவதோ நேர்ந்தால், டயட்டை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.