குட்டிக்குப் பேர் வைக்கலாம், பேரில் தாயும் தெரியட்டும்

நாங்குநேரி பக்கத்து வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "எங்களிடம் 14 தாய் ஆடு, எல்லாம் செம்மறி. இந்த ஈத்தில் 9 குட்டி. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகள் எல்லாவற்றுக்கும் பேர் வைத்துவிட்டாள், அதில் கருப்பி மட்டும் மூன்று. பேர் வைத்த குட்டியை விற்க மனசு வராது, வேண்டாம் என்கிறார் அப்பா. காதில்தான் நம்பர் இருக்கே, பேர் எதுக்கு என்கிறார் தரகர். நாங்கள் என்ன செய்ய?"

பேர் வையுங்கள். தரகர் சொன்னதைக் காதில் வாங்க வேண்டாம். அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த நம்பர். காது வில்லையில் இருப்பது 12 இலக்கம். மேய்ச்சல் காட்டில் பத்தடி தள்ளி நிற்கிற ஆட்டின் காதில் சேறு அப்பியிருக்கும்போது அதை யார் படிக்க முடியும்? இது எந்த ஆடு என்பதை அந்த எண் அரசாங்கத்துக்குச் சொல்லும். இது எந்த ஆட்டின் குட்டி என்று உங்களுக்குச் சொல்லாது. வில்லை மாட்ட வருகிறவர் விவரத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு மிஞ்சாது. ஆட்டுக்காரர் வீட்டில் வைத்துக்கொள்ள ஓர் அட்டையாவது கொடுங்கள் என்று நான் வேலையில் இருந்த காலத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறேன், எழுதிக்கொள்வார்கள், அடுத்த கூட்டத்தில் நான் மறுபடியும் கேட்பேன். அதற்காக வில்லையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆட்டுக்குக் காப்பீடு எடுத்தால் பணம் வருவது அந்த வில்லையை வைத்துத்தான். கருவேல முள்ளில் மாட்டி அறுந்து விழுந்தால் அந்த வாரமே வேறு வில்லை போட்டு, பழைய எண், புது எண் இரண்டையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

சரி, பேருக்கு வருவோம். கருப்பி, செவலை, சுட்டி, பொட்டு என்று நிறத்தைப் பார்த்து வைக்கிற பேர் ஒரே ஓர் ஆடு வைத்திருப்பவருக்குச் சரி. உங்கள் ஆடு அநேகமாகக் கீழக்கரிசல் கலந்ததாக இருக்கும், அந்த வகையில் வயிறும் அடிப்பக்கமும் கருப்பாகத்தான் இருக்கும், அப்புறம் பிறக்கிற குட்டியில் பாதி கருப்பிதான். வேம்பூர் ஆடு வைத்திருப்பவர் வீட்டில் எல்லாமே பொட்டு, செவ்வாடு வைத்திருப்பவர் வீட்டில் எல்லாமே செவலை. நாலு வருஷம் கழித்து, மூத்த கருப்பியின் மகளா நடுக் கருப்பியின் மகளா என்று வீட்டில் சண்டை வரும்.

நான் சொல்லிக்கொடுக்கிற வழி இது. பேரின் முதல் எழுத்து பிறந்த வருஷத்தைச் சொல்ல வேண்டும், பேரின் வகை தாயைச் சொல்ல வேண்டும். பிரான்சில் கால்நடைக்கு வம்ச ஏடு வைக்கிறவர்கள் வருஷத்துக்கு ஓர் எழுத்து என்று ஒதுக்கி, அந்த வருஷம் பிறந்த எல்லாவற்றுக்கும் அந்த எழுத்தில்தான் பேர் வைக்கிறார்கள். 26 எழுத்தில் பேர் வைக்கத் தோதில்லாத ஆறைத் தள்ளிவிட்டு 20 எழுத்தைச் சுற்றி வருவார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். க, ச, த, ந, ப, ம, வ இந்த ஏழே போதும். 2026க்கு க, 2027க்கு ச என்று போனால் 2032ல் வ வரும், 2033ல் மறுபடி க. அதற்குள் முதல் க ஆட்டுக்கு ஏழு வயது, பல் தேய்ந்து பட்டியை விட்டுப் போயிருக்கும், அதனால் எழுத்து மோதாது.

வகை என்றால், ஒரு தாய் வழிக்குப் பூ, இன்னொரு வழிக்கு ஆறு, அடுத்ததற்கு ஊர், அடுத்ததற்குத் தானியம். பூ வழியில் க வருஷம் பிறந்தது கனகாம்பரம், அதே வருஷம் இன்னொன்று பிறந்தால் கேந்தி. ச வருஷம் செவ்வந்தி, ப வருஷம் பிச்சி. ஆற்று வழியில் கடனா, சிற்றாறு, நம்பி, பச்சை, மணிமுத்தா. ஊர் வழியில் களக்காடு, சேரை, பாளை, மானூர், வள்ளியூர். தானியத்தில் கம்பு, சோளம், தினை, வரகு. நம் சீமையில் ஆறும் ஊரும் பூவும் தீர்ந்துபோகாது, உங்கள் மகளுக்கு இதில் என்னைவிட நன்றாகவே வரும். 14 தாய்க்கு 14 வகை தேட வேண்டியதில்லை, அக்கா தங்கச்சி ஆடுகளுக்கு ஒரே வகை போதும். பட்டியில் நின்று "பிச்சி" என்று கூப்பிட்டால் அது 2030ல் பூ வழித் தாய்க்குப் பிறந்தது என்று நோட்டைத் திறக்காமலே தெரியும். கூப்பிட்டால் வருமா என்று கேட்பார்கள். வரும். குட்டியிலிருந்தே பேரைச் சொல்லிக் கையில் நாலு கருவேல நெற்றை நீட்டிப் பழக்குங்கள். செம்மறிக்கு மூளை இல்லை என்று சொல்வது தப்பு. அது 50 ஆட்டு முகங்களை இரண்டு வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்கும் என்று இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்து 2001லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், கிடாவுக்காக. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். சின்னப் பட்டியில் கிடா ஒன்றுதான் இருக்கும், பிறக்கிற குட்டி எல்லாம் அதன் பிள்ளைகள். இரண்டு வருஷத்தில் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும், அதற்குமேல் அதே கிடாவை விட்டுவைத்தால் அப்பன் மகளோடு சேரும். குட்டி எடை குறையும், நோஞ்சானாகப் பிறக்கும், சிலது தாடை கோணிப் பிறக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடாவை மாற்ற வேண்டும். இங்கேதான் தரகர் புகுவார். உங்கள் பட்டியில் மூன்று மாசக் கிடாக்குட்டியாக வாங்கிப்போனதை இன்னொருவர் பட்டியில் ஒரு வருஷம் விட்டு வளர்த்து, "வெளியூர்க் கிடா, வேற ரத்தம்" என்று உங்களிடமே கொண்டுவந்து நிறுத்துவார். எல்லாத் தரகரும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் நான் இதை ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் விலை பேசி முடித்து, துண்டுக்குள் விரல் பிடித்துக் கைமாறப் போகிற நேரம், அந்த வீட்டுப் பாட்டி கிடாவின் இடது காதைத் தடவிப் பார்த்தார். கீழ் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, ஆறிப்போய்த் தழும்பாக இருந்தது. "இது நம்ம வீட்டு வெட்டுல்லா" என்றார். தரகர் அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. விற்கிற கிடாக்குட்டியின் காதிலும் உங்கள் வீட்டு அடையாளம் ஒன்று இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போனாலும் சனிக்கிழமை எட்டயபுரம் போனாலும், கிடா வாங்குமுன் காதையும் பல்லையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். வாங்கிய கிடாவுக்கு அது வந்த ஊரின் பேரையே வையுங்கள், குட்டிக்குத் தகப்பன் பேர் எழுதும்போது ஊரும் சேர்ந்து வந்துவிடும். "இரட்டைக் குட்டி போடுகிற தாயோட மகள்" என்று கூடுதல் விலை சொன்னால் தாயைக் காட்டச் சொல்லுங்கள். நம் பக்கத்து செம்மறி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும், வாய் வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு சிக்கல் உண்டு. தாய் செத்துப்போன குட்டியை வேறொரு ஆட்டிடம் ஊட்ட விட்டால் எந்த வழியில் பேர் வைப்பது? பெற்ற தாயின் வழியில்தான். பால் கொடுத்தவள் எத்தனை மாசம் கொடுத்திருந்தாலும் நோட்டில் அவள் வளர்ப்புத் தாய். இது லேசான விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பெரும்பாலான நோட்டு கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கார்த்திகை மழை ராத்திரியில் இரண்டு ஆடு ஒன்றாக ஈனும். காலையில் போய்ப் பார்த்தால் மூன்று குட்டி நிற்கும், எது யாருடையது என்று தெரியாது. ஈனப்போகிற ஆடு சிலது, தனக்குக் குட்டி வருவதற்கு முன்பே பக்கத்து ஆட்டின் குட்டியை நக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், பிறகு தன் சொந்தக் குட்டி வந்ததும் அந்தச் சொந்தக் குட்டியையே முட்டித் தள்ளும். நாம் முட்டுப்பட்ட குட்டியைப் பார்த்து அதுதான் அடுத்தவள் பிள்ளை என்று நினைப்போம், உண்மை தலைகீழாக இருக்கும். செத்த குட்டியின் தோலைப் போர்த்தியோ பனிக்குட நீரைத் தடவியோ தாயில்லாக் குட்டியைப் பழக்குகிற வீட்டில், ஒரு மாசம் கழித்துக் கேட்டால் வீட்டுக்காரருக்கே மறந்திருக்கும். அதனால் ஈனுகிற நாளில் கலர் நூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாய் கழுத்தில் சிவப்பு என்றால் குட்டி கழுத்திலும் சிவப்பு, தளர்வாக, இரண்டு விரல் போகிற மாதிரி. குட்டி எழுந்து நின்று சீம்பால் குடித்ததைப் பார்த்த கையோடு கட்டிவிடுங்கள், விடியட்டும் என்று விடாதீர்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் தாய் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகத்தில் எழுதின பேர் அடுத்த நாலு தலைமுறைக்குப் பொய் சொல்லும்.

இனி அப்பா சொன்னது. விற்கப்போகிற கிடாக்குட்டிக்கு இந்த வரிசையில் பேர் வேண்டாம், அதற்குத் தாய் பேரும் தேதியும் போதும். மகள் ஆசைக்கு ஏதாவது கூப்பிட்டுக்கொள்ளட்டும், ஆனால் எது தங்கும், எது சந்தைக்குப் போகும், எது சுடலைமாட சாமிக்கு நேர்ந்துவிட்டது என்பதைப் பிறந்த வாரமே அவளிடம் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டி காலியாக இருப்பதைப் பார்த்து அழுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விற்றதைவிட, தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தாங்காது.

மூன்று கருப்பியில் பெட்டை எத்தனை என்று பாருங்கள், அவற்றுக்கு மட்டும் புதுப் பேர். 14 தாயில் யார் யாருக்கு அக்கா, யார் யாருக்கு மகள் என்பது அப்பாவுக்கு மனப்பாடமாக இருக்கும், வேறு யாருக்கும் தெரியாது. இன்றைக்குச் சாயங்காலம் பட்டி அடைக்கிற நேரத்தில் மகள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, தாத்தா பக்கத்தில் நிற்க வையுங்கள். ஒவ்வொன்றாக உள்ளே போகப் போக அவர் சொல்லட்டும், அவள் எழுதட்டும்.