அணில் கேட்ட கேள்வி

வணக்கம் ஐயா,

விலைவாசி ஏறி, வேலையும் நிச்சயமில்லாத நேரத்தில் ‘இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்’ என்று பத்திரிகைகளில் கார்ட்டூன் போடுகிறார்கள். ஒட்டிய வயிறு, நீட்டிய கை. எனக்கே கடன் இருக்கிறது. பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்க வேண்டிய கார்ட்டூனுக்கு நிதி திரட்டும் வேலை எதற்கு?

ச.

அன்புள்ள ச.,

நீட்டிய கையை வரைவது எனக்கும் பிடிக்காது. வாங்குபவரைக் கூனிக்குறுக வைத்துத்தான் கொடுப்பவர் மனதைத் தொட வேண்டுமா என்ன? ஆனால் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே மனதை இளக்கும் படங்களும் உண்டு.

1931, அமெரிக்காவில் பெருமந்தம் என்னும் பெரும் பொருளாதாரச் சரிவு. அந்த ஓராண்டில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. போட்ட பணத்துக்கு மத்திய அரசின் காப்பீடு கிடையாது. அது 1934இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிபர் ஹூவரோ நிவாரணத்தைப் பெரும்பாலும் தர்ம அமைப்புகளின் தலையில் விட்டிருந்தார். அப்போது ‘சிகாகோ டிரிப்யூன்’ இதழில் ஜான் மக்கட்சன் ஒரு படம் வரைந்தார். பூங்கா பெஞ்சில், வங்கி முறிந்ததில் எல்லாம் இழந்த ஒருவர். எதிரே ஓர் அணில். “நல்ல காலத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கக் கூடாதா?” என்று கேட்கிறது. “சேர்த்தேன்” என்கிறார் அவர். அவ்வளவுதான். 1932இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கொடுக்கத் தயங்கும்போது நம் மனதுக்குள் இருந்து பேசுவது அந்த அணில்தான். அதன் வாயை அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் சொல்லும் கேள்வியும் கார்ட்டூனின் வேலைதான், மறுக்கவில்லை. நையாண்டிப் படம் என்ற பொருளில் ‘கார்ட்டூன்’ என்ற சொல்லே 1843இல் லண்டன் ‘பஞ்ச்’ இதழில் ஜான் லீச் வரைந்த படத்தோடுதான் புழக்கத்துக்கு வந்தது. கந்தலணிந்த ஏழைகள் கண்காட்சியில் நின்று, செல்வந்தர்களின் உருவப்படங்களை வெறித்துப் பார்க்கிறார்கள். ரொட்டி கேட்டவர்களுக்கு அரசு கண்காட்சி கொடுத்தது என்று கோபமாக எழுதியும் இருந்தார்கள்.

அப்புறம், கடன் என்றீர்களே. எங்கள் தெருத் தையல்காரர் சீட்டுக் கட்டிய பணத்தை இழந்து நின்றபோது, “கொஞ்சம் எடுத்து வைத்திருக்கலாமே” என்று நானே கேட்டுவிட்டேன். ஊசியில் நூல் கோத்தபடி, “எடுத்து வெச்சதுதான் சார் போச்சு” என்றார். அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. அவர் மகளின் அந்த வருடப் பள்ளிக் கட்டணத்தை நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கட்டினோம். நாலில் இரண்டு வீடுகளுக்குக் கடன் இருந்தது.