பிரையன் மேயின் டோன் வேண்டுமா? முதலில் குளோபல் மெனுவைத் திறவுங்கள்

கேள்வி: ஐயா வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், கோயில் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே என்றால் எனக்கு உயிர். அவருடைய டோனுக்காகவே, அதாவது அந்தக் கிட்டார் ஒலியின் தன்மைக்காகவே, ஆம்ப்களின் சத்தத்தை நகலெடுக்கும் மாடலர் என்ற கருவியைப் பழையதாக 550 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். இணையத்தில் ஓர் அண்ணனிடம் 120 வெள்ளிக்கு, அவர் டோனுக்கு ஆயத்தமாக அமைத்து வைத்த ‘பிரையன் மே பேக்’ வாங்கி ஏற்றினேன். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் அப்படியே அவர்தான். கோயில் மண்டபத்தில் கீபோர்டு வாசிப்பவரின் பவர்டு ஸ்பீக்கரில் செருகினால் தேனீக்கூட்டம் மாதிரி இரைகிறது. தனி வாசிப்பு வரும்போது கிட்டாரே காணாமல் போகிறது. விற்றவரைக் கேட்டால், “ஐ.ஆர். பேக் ஒன்று 200 வெள்ளி, அதைப் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார். வாங்கலாமா? இல்லை, கண்ணாடிக் குழல் வைத்த வால்வு ஆம்ப்தான் வாங்க வேண்டுமா? திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. டோனில் கோளாறு என்றால் ஹெட்போனிலும் இரைந்திருக்க வேண்டும். அங்கே சரியாக இருக்கிறது என்றால், சத்தம் வெளியே போகும் வழியில்தான் கோளாறு.

கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் மாதிரி இல்லை. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் சத்தம் மளமளவென்று இறங்கிவிடும். ஆம்பைத் திணறடித்து வாசிக்கும்போது வரும் கரகரப்பில், காது கூசுகிற பகுதி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. தேத்தண்ணி கலக்கும் துணிப்பை தூளை நிறுத்திக்கொள்வது போல, அந்தக் காகிதக் கூம்பு அதை நிறுத்திவிடும். பவர்டு ஸ்பீக்கரில் அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. கொடுத்ததையெல்லாம் வெளியே தள்ளும். அதனால்தான் மாடலருக்குள் ஸ்பீக்கர் பெட்டியின் நகல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது அணைந்திருந்தால் கேட்பது தேனீக்கூட்டம்தான்.

உங்களுடையது பழைய கருவி. முன்பு வைத்திருந்தவர் அதை ஒரு கிட்டார் ஆம்போடு சேர்த்து வாசித்திருப்பார். அதற்காகப் பின்னால் இருக்கும் ஜாக்கில் மட்டும் ஸ்பீக்கர் நகலை அணைத்து வைத்திருப்பார். பல கருவிகளில் ஹெட்போனுக்கு ஒரு வழி, பின் ஜாக்குக்கு வேறு வழி. இந்த அமைப்பு பிரீசெட்டுக்குள் (ஒரு டோனுக்காகச் சேமித்து வைத்த குமிழ் நிலைகள்) இருக்காது, கருவி முழுவதற்கும் பொதுவான குளோபல் மெனுவில் இருக்கும். எத்தனை பேக் ஏற்றினாலும் மாறாது. ஐ.ஆர். என்று அந்த அண்ணன் விற்க வருவதும் ஸ்பீக்கர் பெட்டியின் நகல்தான். நகல் அணைந்து கிடக்கும் ஜாக்குக்கு, 200 வெள்ளியில் இன்னொரு நகல்! குளோபல் மெனுவைத் திறந்து, அவுட்புட் என்ற பக்கத்தில் ‘கேப்’ என்றோ ‘காம்போ’, ‘லைன்’ என்றோ இருப்பதைப் பாருங்கள். கேப் என்றால் ஸ்பீக்கர் பெட்டி; அதை ஆன் செய்யுங்கள், அல்லது லைனுக்கு மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. திருவிழாவில் ஒலி அமைப்பவர்கள் உங்களுக்காக அக்கறையோடு ஒரு கிட்டார் ஆம்ப் கொண்டுவந்து வைக்கலாம். வைத்தால், நகலை அணைக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஆம்பில் ஏற்கெனவே உண்மையான கிட்டார் ஸ்பீக்கர் இருக்கிறது. நகலும் ஓடி, உண்மையான ஸ்பீக்கரும் ஓடினால் துணிப்பையில் இரண்டு முறை வடிகட்டிய தேத்தண்ணிதான். போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும். போன வருடம் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். வாசித்த பையன் நல்ல கைக்காரன். சத்தம் மங்கலாக இருக்கிறதே என்று மேல்சத்தத்துக்கான டிரெபிளை ஏற்றிக்கொண்டே போனான். பத்துக்கு வந்தும் மங்கல்தான். மேடைக்குப் பக்கத்தில் போய் நகலை அணைக்கச் சொன்னேன். அணைத்ததும் ஏற்றிவைத்த டிரெபிள் முழுவதும் முன்வரிசைக் காதில் பாய்ந்தது. அதையும் ஐந்துக்கு இறக்கிய பிறகுதான் சரியானது. இன்னொன்று: அந்த ஆம்பின் முன்பக்க ஓட்டையில் செருகாதீர்கள். பின்னால் ‘ரிட்டர்ன்’ என்று ஒரு ஓட்டை இருந்தால் அதில் செருகுங்கள். முன்னால் செருகினால், மாடலருக்குள் இருக்கும் ஆம்பின் தலையில் இன்னோர் ஆம்பை உட்கார வைத்த கதையாகிவிடும். ரிட்டர்ன் இல்லாத சின்ன ஆம்ப் என்றால் அதை மறந்துவிட்டு, நகலை ஆன் செய்து நேராக மிக்ஸருக்குப் போங்கள். அப்புறம், கீபோர்டு ஆம்ப் என்பது கிட்டார் ஆம்ப் கிடையாது. அதற்கும் பவர்டு ஸ்பீக்கருக்குச் சொன்ன கணக்குதான்.

இனி அந்த 120 வெள்ளி. பிரீசெட் என்பது இன்னொருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவருடைய கிட்டார், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அவருடைய பிக்-அப், இரவில் ஹெட்போனோடு அவர் உட்கார்ந்த அறை, இவற்றுக்கு அளவெடுத்தது. ஒரு கம்பெனியின் பிரீசெட் இன்னொரு கம்பெனிக் கருவியில் ஏறாது. ஒரே கம்பெனியில்கூட மென்பொருள் பதிப்பு மாறினால் சில நேரம் ஏறாது. விற்பவர் இதைச் சொல்வதில்லை. பெரிய உற்பத்தியாளர்கள் தங்கள் தளங்களிலேயே பிரீசெட்டுகளை இலவசமாகப் பகிர இடம் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து இறக்கி, பெயர் மாற்றி, ஒரு படம் ஒட்டி விற்கும் ஆட்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை முப்பது ஸ்பீக்கர் பெட்டி என்று காசு கொடுத்து வாங்கினேன். கணினியில் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தால் அதில் பதினொன்று ஒரே கோப்பு, பெயர் மட்டும் வேறு. காசைத் திருப்பிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் மாதக் கணக்கில் சேர்த்த காசு இப்படிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

உற்பத்தியாளர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பிரையன் மே வாசிப்பது வோக்ஸ் ஏசி30 ஆம்ப். அந்தப் பெயரை மற்ற கம்பெனிகள் போட முடியாது, வணிகப் பெயர்ச் சட்டம். லைன் 6 கம்பெனியின் ஹீலிக்ஸ் மாடலரில் அது ‘எஸெக்ஸ் ஏ30’. ரேஞ்ச்மாஸ்டர் என்ற பழைய டிரெபிள் பூஸ்டருக்கு அதில் ‘டிரேஞ்டு மாஸ்டர்’ என்று பெயர். சரி, பெயரை மாற்றுங்கள். எது எதன் நகல் என்று கருவியோடு ஒரு தாளாவது கொடுக்கக் கூடாதா? மலிவான கருவிகளில் இணையத்தில் தேடினாலும் ஒழுங்கான பட்டியல் கிடைப்பதில்லை. கடையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இந்த இடைவெளியில்தான் பேக் விற்பவர்கள் பிழைக்கிறார்கள்.

டோனுக்கு வருவோம். பிரையன் மேயின் கிட்டார் கடையில் வாங்கியது அல்ல. 1963இல் அவரும் மின்னணுப் பொறியாளரான அவர் அப்பாவும் வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டத்தில் செதுக்கியது. சுரத்தை அசைக்கும் கைப்பிடியான டிரெமலோவுக்குள் இருப்பவை பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அது உங்கள் கையில் இல்லை, பரவாயில்லை. ஆனால் அதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதன் மூன்று பிக்-அப்களையும் டார்ச் லைட்டில் பேட்டரி அடுக்குவது போல ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். அதனால் சத்தம் பருமனாக, நடுப்பகுதி நிறைந்து வரும். சாதாரண ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் இரண்டு பிக்-அப் சேரும் இடத்தில் அவை பக்கம் பக்கமாக இணைகின்றன. அதனால் மெலிந்த சத்தம்தான் வரும். அவர் வழக்கமாகப் பிரிட்ஜ் (கம்பி தாங்கி) பக்கப் பிக்-அப்பையும் நடுப் பிக்-அப்பையும் சேர்த்து வாசிப்பவர் என்று படித்துவிட்டு, நீங்கள் ஸ்ட்ராட்டில் பிக்-அப் சுவிட்சை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினால் எதிர்மாறான டோன் கிடைக்கும். பிரிட்ஜில் ஹம்பக்கர் வகைப் பிக்-அப் இருந்தால் அதை மட்டும் போடுங்கள். அதற்குள் இரண்டு சுருள்கள் அதே டார்ச் பேட்டரி முறையில்தான் இருக்கின்றன.

அடுத்தது டிரெபிள் பூஸ்டர். பிரையன் மே அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. கேலகர் அதையும் ஏசி30ஐயும் சேர்த்து வாசித்தவர். பூஸ்டர் அடிச்சத்தத்தைக் குறைத்து, மேலே இருப்பதை ஆம்புக்குள் வேகமாகத் தள்ளுகிறது. ஆம்ப் முழு வால்யூமில் திணறுகிறது. டிஸ்டார்ஷன் பெடல் இந்த வரிசையில் இல்லை. உங்கள் பேக்கில் கட்டாயம் ஒன்று இருக்கும், முதலில் அதை அணையுங்கள். கருவியில் டிரெபிள் பூஸ்டர் இல்லையென்றால், ஆம்புக்கு முன்னால் ஓர் ஈக்வலைசரைப் போட்டு, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகக் குறைத்து, 1,000 முதல் 3,000 வரை ஏற்றி, லெவலையும் கூட்டினால் போதுமான அளவு கிட்ட வரும்.

ஆம்பில் நார்மல் சேனல் இருந்தால் அதை எடுங்கள். டாப் பூஸ்ட் என்ற கூர்மையான சேனல் மட்டும்தான் இருக்கிறது என்றால், பாஸையும் டிரெபிளையும் சேர்த்து ஏற்றாதீர்கள். அந்த ஆம்பில் இரண்டையும் ஏற்றினால் நடுச்சத்தம் குழியாகிவிடும். தனி வாசிப்பில் உங்கள் கிட்டார் காணாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டையும் நான்குக்குக் கீழே வையுங்கள். ‘கட்’ என்ற குமிழ் மற்ற குமிழ்களுக்குத் தலைகீழ்: ஏற்ற ஏற்ற டிரெபிள் குறையும். கூர்மை வேண்டுமென்று அதைத் திருப்பிவிட்டு, மங்கலாகிறதே என்று என் பட்டறைக்கு வந்தவர்கள் பலர்.

இன்னொரு காரணம் ஹெட்போன். சின்னச் சத்தத்தில் நம் காதுக்கு அடியும் மேலும் குறைவாகவே கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஹெட்போனில் அழகாக இருப்பதற்காக அடியையும் மேலையும் தூக்கி வைத்த டோன், மண்டபச் சத்தத்தில் பேஸ் கிட்டாருக்கும் தாளக்கருவிகளுக்கும் இடையில் நசுங்கிவிடும். அதனால் டோனை மண்டபத்தில்தான் அமைக்க வேண்டும், குழு முழுவதும் வாசிக்கும்போது. தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போல இருந்தால் பயப்படாதீர்கள். மிருதங்கமும் டிரம்ஸும் சேரும்போது அந்த மூக்குச் சத்தம்தான் வெளியே வரும்.

அமைத்தது சரிதானா என்று பார்க்க, கிட்டாரில் இருக்கும் வால்யூமைத் திருப்புங்கள். பத்தில் பாட வேண்டும். ஆறில் ரிதம் வாசிக்கும் அளவுக்கு அடங்க வேண்டும். மூன்றில் கிட்டத்தட்டத் தெளிந்துவிட வேண்டும். பிரையன் மே அழுத்தமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் போய் வருவது பெரும்பாலும் அந்தக் குமிழால்தான். மூன்றிலும் கரகரத்தால் கெயின் (ஆம்பைத் திணறடிக்கும் அளவு) அதிகம், அல்லது பேக்கைச் செய்தவர் முன்னால், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் வைத்திருக்கிறார். எடுத்துவிடுங்கள். எதிரொலியைக் கடைசியில் கொஞ்சமாக வையுங்கள், மண்டபத்தில் ஏற்கெனவே எதிரொலி இருக்கிறது.

பூஸ்டர் போட்டால் ஹம் என்ற மின் இரைச்சலும் ஏறும். அதை நிறுத்த எர்த் கம்பியைப் பிடுங்கிவிடலாம் என்று யாராவது மேடையில் வழி சொல்வார்கள். தொடவே விடாதீர்கள். பந்தலில் ஈரத்தரை, நூறடி எக்ஸ்டென்ஷன், கையில் உலோகக் கம்பி. எர்த் இல்லாமல் எங்காவது கசிந்தால் அது உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். ஹம் இருக்கட்டும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் எட்டி நின்று, வேறு பக்கம் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் குறையும்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒன்று. பிரையன் மே கம்பியை மீட்டப் பிளாஸ்டிக் பிக் வைத்துக்கொள்வதில்லை. பழைய ஆங்கிலேய ஆறு பென்ஸ் நாணயம்தான் அவர் பிக். ஓரத்தில் இருக்கும் வரிகள் கம்பியை உரசும்போது, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் மெல்லிய ஒரு கரகரப்பு வரும். அந்த நாணயத்தின் அகலம் 19.4 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பழைய பத்துக் காசின் அகலமும் அதேதான். உலோகமும் அதே செம்பு-நிக்கல் கலவை, ஓரத்திலும் வரிகள் உண்டு. பின்பக்கம் பல்லாங்குழிப் பலகை இருக்குமே, அந்தக் காசு. வீட்டுச் சாமி உண்டியலில் தேடினால் கிடைக்கும். 2012 முதல் வரும் சின்னப் பத்துக் காசை எடுக்காதீர்கள், அது எவர்சில்வர், கம்பியைத் தின்றுவிடும். இரண்டு விரலுக்கு நடுவில் தளர்வாகப் பிடித்து, ஓரத்தைச் சற்றுச் சாய்த்து வாசியுங்கள். கைக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும், அதனால் இன்றிரவே தொடங்குங்கள்.