கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறதே, வேலை கிடைக்குமா?

அம்மா, வணக்கம். சேவை அடிப்படையிலான மென்பொருள்களைக் கணித முறையில் மாதிரி எழுதிச் சரிபார்ப்பதுதான் மகளின் முதுகலை புராஜெக்ட் என்றதும் நீங்கள் பயந்தது புரிகிறது. அந்தப் பெயரில் வேலை தேடினால் அதிகம் கிடைக்காது, உண்மைதான். ஆனால் அந்தத் திறமைக்குத் தேவை இருக்கிறது.

அவள் செய்வது இதுதான். ஆர்டர் எடுக்க ஒரு சர்வீஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு புரோகிராம்; பணம் பிடிக்க இன்னொன்று. பணம் பிடித்தாயிற்று, ஆனால் 'பிடித்துவிட்டேன்' என்ற பதில் வழியில் தொலைந்துவிட்டது. காத்திருந்து பார்த்த ஆர்டர் சர்வீஸ் மறுபடி கேட்கிறது. வாடிக்கையாளர் பணம் இரண்டு தடவை போய்விடுகிறது. இரண்டையும் தனித்தனியே சோதித்தால் ஒரு குறையும் தெரியாது. மாதிரியில் 'செய்தி தொலையலாம்' என்று எழுதிக் கொடுத்தால், மாடல் செக்கர் என்கிற சரிபார்ப்புக் கருவி அந்த மாதிரியில் நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் ஓட்டிப் பார்த்து, பிழைக்குப் போகும் வழியைப் படிப்படியாகக் காட்டிவிடும்.

அமேசானின் கிளவுட் பிரிவில் 2011 முதல் இதற்கு, கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்ற மாதிரி எழுதும் மொழியைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய டேட்டாபேஸ் சேவையான டைனமோடிபியில் அப்படிச் சிக்கிய ஒரு பிழைக்கு, மிகக் குறுகிய வழியே 35 படிகள்! மனிதர் யாரும் உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கிற விஷயமா அது? புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட இரண்டு மூன்று வாரத்தில் அதைக் கற்றுப் பயன் கண்டதாக அங்குள்ள பொறியாளர்களே 2015இல் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். ஆனால் கோடிங்கை விட்டுவிடக் கூடாது. இதில் நான் கொஞ்சம் கறார். ஜாவா, கோ (Go) என்ற புரோகிராமிங் மொழிகள் இரண்டில் ஒன்று கைவசம் இருக்கட்டும், டேட்டாபேஸும் நெட்வொர்க்கும் தெரிந்திருக்கட்டும். விண்ணப்பிக்க வேண்டியது பேக்எண்ட், கிளவுட் வேலைகளுக்கு. பெட்ரி வலை, பை கால்குலஸ் என்று மாதிரி எழுதும் முறைகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்காமல் ஒரே கருவியில் ஆழமாகப் போகட்டும். கணக்கு மட்டும்தான் பிடிக்கும், கோடிங் வேண்டாம் என்றால் பிஎச்டி பக்கம் போகலாம். அது வேறு பேச்சு.

இன்டர்வியூவில் பாடத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. மேலே சொன்ன இரட்டைப் பணப் பிழையையே எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே பதிவான எண் மறுபடி வந்தால் பணம் பிடிக்காமல் விட்டால் சரியாகுமா? அப்புறம், ஒரே எண்ணோடு இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து, இரண்டுமே 'இந்த எண் இன்னும் பதிவாகவில்லை' என்று பார்த்துவிட்டால்? அந்த ஓட்டையை மாடல் செக்கர் காட்டியதையும், தான் அடைத்ததையும் பத்து நிமிடத்தில் பலகையில் வரைந்து காட்டப் பழகச் சொல்லுங்கள்.