ஹ்வாங் கீயும் ரயில்வே நூலகமும்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஓராண்டாக டாங் சூ டோ பயில்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கொரியக் கலை என்று சொல்லிச் சேர்த்தார்கள். அந்தப் பள்ளி மரபைத் தொடங்கிய ஹ்வாங் கீ புத்தகம் பார்த்துக் கற்றவர் என்று இப்போது படித்தேன். ஏமாந்துவிட்டோமா? கறுப்பு பெல்ட்கூடக் கிடையாதாம். டேக்வாண்டோவுக்கு மாற்றிவிடலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கறுப்புக்குப் பதில் கருநீலம் கட்டுவது, ஹ்வாங் கீ தொடங்கிய மூ டுக் குவான் பள்ளியின் வழக்கம். அதை விடுங்கள். 'புத்தகம் பார்த்து' என்று எழுதினீர்களே, அந்த இளக்காரம்தான் என்னைச் சுட்டது.

1914இல் பிறந்த ஹ்வாங் கீ ரயில்வே ஊழியர். மஞ்சூரியாவில் வேலை பார்த்தபோது ஒரு சீன ஆசானிடம் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். சியோலுக்குத் திரும்பியபின் ஆசான் இல்லை. ரயில்வே நூலகத்தில் ஜப்பானின் ஒகினாவாத் தீவுக் கராத்தே நூல்கள் இருந்தன. அவற்றைப் படித்துத் தனியாகப் பயின்றார். கொரியா விடுதலை பெற்று மூன்று மாதம் நிறைவதற்குள், 1945 நவம்பர் 9 அன்று மூ டுக் குவானைத் தொடங்கினார். முதலில் வைத்த பெயர் ஹ்வா சூ டோ. ஆள் சேரவில்லை. மக்கள் காதுக்குப் பழகிய டாங் சூ டோ என்று மாற்றினார். 'டாங் சூ' என்றால் சீனக் கை. கராத்தேயையும் முன்பு அதே எழுத்துகளில்தான் எழுதினார்கள். மூலம் பெயரிலேயே இருக்கிறது.

பிறகு எதற்கு இரண்டாயிரம் ஆண்டு? ஜப்பானிடம் 35 ஆண்டுகள் அடிமைப்பட்டு, சொந்த மொழியையும் பெயரையும் விடச்சொல்லி நெருக்கப்பட்ட மக்கள், தம் கலை ஜப்பான் வழியாகவும் வந்தது என்று எப்படி வாய்விட்டுச் சொல்வார்கள்? அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கோவையில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பொய் எதற்கு?

1957இல், 1790ஆம் ஆண்டின் 'மூயே டோபோ டோங்ஜி' என்ற கொரியப் போர்க்கலை நூல் ஹ்வாங் கீயின் கைக்கு வந்தது. அதிலிருந்து சுபாக் என்ற பழைய கொரியக் கைச்சண்டைக் கலையை மீட்க முனைந்து, தன் கலைக்கு சூ பாக் டோ என்று பெயரிட்டார். அங்கும் ஆசானாக வாய்த்தது புத்தகம்தான்.

பதினாறு வயதில் நான் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு சதுரங்கம் கற்றேன். எதிராளி இல்லை, இரண்டு பக்கமும் நானே ஆடினேன். முதல் போட்டியில் ஒரு பெரியவர், "யாரிடம் கற்றாய், தம்பி?" என்று கேட்டார். மாமாவிடம் என்றேன். எனக்கு மாமாவே கிடையாது. அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தை அன்று மறுதலித்தது இன்றும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஆசான் கிடைக்காத ஊர்களில் எத்தனை பிள்ளைகள் இப்படிக் கற்றிருப்பார்கள்! புத்தகம் திருத்தாது, உண்மை. தவறான நிலையில் கால் வைத்தால் தட்டிவிடாது. அதனால்தான் அதில் கற்பவன் இருமடங்கு உழைக்கிறான். அவனைக் குறைந்தவன் என்று நீங்கள் சொல்லலாமா?

டேக்வாண்டோவுக்கு மாற்றுவது உங்கள் விருப்பம். 1960களில் கொரியப் போர்க்கலைப் பள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக்க நெருக்கியபோது ஹ்வாங் கீ இணங்காமல் நீதிமன்றம் போனார். 1966இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆனாலும் மாணவர்கள் பலர் டேக்வாண்டோ பக்கம் போய்விட்டார்கள்.

உங்கள் மகள் பழகும் பியுங் ஆன் என்ற அசைவு வரிசைகள், ஒகினாவாவின் கராத்தே ஆசான் இடோசு அன்கோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்தவை. அவளிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். ரயில்வே நூலகத்தையும் சொல்லுங்கள்.